குகதாசனுக்கு இலை இல்லை

நீர்வேலியில் பூரணத்தின் கோபத்தை அறியாத ஆள் கிடையாது. மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். பூரணத்துக்கு வந்தால் அது குடியிருக்கும். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு கொடிகாமத்தில் ஒரு சொந்தக்காரி வீட்டு வாசலில் போய் நின்றாள் பூரணம். பசியில் கத்திய பிள்ளைக்கு அந்த மனுசி கஞ்சி கொடுத்தாள். கொடுத்தாள்தான், ஆனால் உப்புப் போடவில்லை. பூரணம் உப்புக் கேட்டதற்கு, "அகதிக்கு உப்பும் வேணுமோ?" என்று ஒரு கேள்வி கேட்டாள். பிறகு ஊர் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டு, வாழை நட்டு, எத்தனையோ குலை வெட்டியாயிற்று. அந்தச் சொந்தக்காரியின் செத்தவீட்டுக்குக்கூடப் பூரணம் போகவில்லை. போகச் சொல்லிக் கெஞ்சிய புருசன் பஞ்சலிங்கத்துக்கு அன்று மத்தியானம் சோறும் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவளின் வேலிக்கு அடுத்த பக்கம் குடியிருந்தவன் குகதாசன். இரண்டு வீட்டுக்கும் ஒரே பங்குக் கிணறு. இரண்டு வாழைத் தோட்டத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். ஒரு கோடையில் பூரணத்தின் முறையன்று குகதாசன் தன் மோட்டரைப் போட்டுவிட்டான். பூரணம் சத்தம் போடவில்லை. போய் வயரைக் கழற்றிக்கொண்டு வந்து சாமி அறைக்குள் வைத்துப் பூட்டினாள். குகதாசனின் வாழைக்கன்றுகள் வாடின. அவனும் சத்தம் போடவில்லை. காத்திருந்தான்.

காத்திருந்ததற்கு வேளை வந்தது. பூரணத்தின் மகள் பிரசாந்திக்குச் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்து, மாப்பிள்ளை பகுதியார் வழக்கம்போல அயலட்டையில் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் நேரே குகதாசனிடம் போனார்கள். அவன் ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. "எனக்கு ஒண்டும் தெரியாது. வேறை ஆரையும் கேட்டுப் பாருங்கோ" என்றான். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் என்ன கறி என்பதை மணத்தாலேயே சொல்லுகிற ஊர் இது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் தெரியாது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பூரணம் ஒரு சத்தியம் செய்தாள். இனி இந்த வீட்டில் குகதாசனுக்கு ஒரு பருக்கை சோறு கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பஞ்சலிங்கத்துக்குக் கடுதாசி விளையாட்டுத்தான் உயிர். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டு முன் விறாந்தையில் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் நடக்கும். அவருக்குத் துணை குகதாசன். அந்தத் துணை இல்லாவிட்டால் பஞ்சலிங்கம் ஒரு ஆட்டம் வெல்லமாட்டார். பெண்சாதி கோபக்காரி என்பதற்காக நல்ல துணையை விடுகிற புத்தி அந்த மனுசனுக்கு இல்லை. குகதாசனுக்கோ வெட்கம் என்பது பிறக்கும்போதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவான். படியேறி வந்தவனை வாய் நனைக்காமல் அனுப்புவது குடும்பத்துக்கு ஆகாது. ஆகவே பூரணம் ஒரு வழி கண்டுபிடித்தாள். மற்றவர்களுக்கு வடை, கொழுக்கட்டை, சில நாளில் புட்டும் கறியும். குகதாசனுக்கு மட்டும் ஒரு வெறுந்தேத்தண்ணி, ஒரு தட்டில் கிறீம் கிறேக்கர் பிஸ்கட் இரண்டு. மூன்று வருசமாக அது இரண்டுதான். அவனும் மூன்று வருசமாக அதை நனைத்து நனைத்துத் தின்றான், அவளைப் பார்த்துக்கொண்டே.

இந்த நிலையில்தான் சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த ஞாயிறு, ஊர்ச் சனசமூக நிலையத்தின் கடுதாசிப் போட்டி இறுதியாட்டம் பஞ்சலிங்கத்தின் விறாந்தையில் என்று முடிவாயிற்று. அவரும் குகதாசனும் ஒரு பக்கம், கோப்பாய்க்காரர் இரண்டு பேர் மறுபக்கம். ஆட்டம் முடிய எல்லாருக்கும் சாப்பாடு. அதே நேரம் தரகர் ஒரு செய்தி கொண்டுவந்தார். உடுவிலில் ஒரு சம்பந்தம். பெடியன் பெயர் கஜீபன், கிளிநொச்சியில் வேலை. அவனுடைய தாய்மாமன் பொன்னம்பலம் ஆட்டம் பார்க்கிற சாட்டில் வருவார். வந்து வீட்டையும் பார்ப்பார், அயலையும் விசாரிப்பார்.

பிரசாந்திக்கு முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. இதுவும் தவறினால் இனி ஆர் வருவார்கள் என்ற பயம் பூரணத்தின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் வெளியே காட்டவில்லை. அவளுக்குப் பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"பங்கு இறைச்சி எடுப்பமே? ஆட்டுக்கறி எண்டா பெடியள் சந்தோசப்படுவாங்கள்" என்றார் பஞ்சலிங்கம்.

"உங்களுக்கு விசரே? வாறவர் நெத்தி நிறையத் திருநீறு பூசிற மனுசன். ஆட்டைக் காட்டினா வந்த வழியே திரும்பிப் போவார். மரக்கறிதான்."

"சரி, மரக்கறி. ஆனா இஞ்சை பாரும்..." அவர் குரலைத் தணித்தார். "அண்டைக்கு ஒரு நாளைக்கு உவன் குகதாசனுக்கும் ஒரு இலை போடும். பொன்னம்பலத்தார் உவனைத்தான் கேப்பார். உவன் வாயிலைதான் எல்லாம் கிடக்கு."

"பிச்சை எடுக்கச் சொல்லுறியளோ?"

"பிச்சை இல்லை. ஒரு பிடி சோறு."

"உவன்ரை வாயிலை என்ரை சோறு போறதிலும் பாக்க, என்ரை பிள்ளை வீட்டோடை இருக்கட்டும்."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பிரசாந்தி தலைவாரிய சீப்பை மேசையில் வைத்தாள். "அம்மா, கோவம் உங்கடை. வீட்டோடை இருக்கப் போறது நான்" என்றாள். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அது பூரணத்துக்குச் சுட்டது. சுட்டால் என்ன, கொள்ளியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிற பிறவி அவள். இரண்டு நாள் யோசித்துச் சமையலைத் தீர்மானித்தாள். பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு. வாழைப்பொத்தி வறை. பலாக்கொட்டை போட்ட முருங்கைக்காய்ப் பால்கறி. மாங்காய்ப் பச்சடி, மோர்மிளகாய், பாயசம். பஞ்சலிங்கம் அதைக் கேட்டுத் திகைத்தார். ஒவ்வொன்றும் குகதாசனுக்கு உயிரான கறி. கிணற்றுச் சண்டைக்கு முந்திய காலத்தில் இதே விறாந்தையில் இருந்து, "பூரணக்கா, இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்டுக் கேட்டுத் தின்றவன்.

"அப்ப உவனுக்கு இலை போடப் போறீர்!" என்றார் மனுசன், முகமெல்லாம் பல்லாக.

"ஆர் சொன்னது? மணம் மட்டும் போகட்டும் உவனுக்கு" என்றாள் பூரணம்.

ஞாயிறு விடிந்தது. விறாந்தை நிறைய ஆட்கள். பொன்னம்பலம் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று குறி. தேத்தண்ணி குடித்தார், தோட்டத்துக் கதலிப்பழம் ஒன்று உரித்துத் தின்றார். பிரசாந்தி வந்து தட்டை எடுத்தபோது ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டம் தொடங்கியது. பஞ்சலிங்கத்துக்குக் கண் கடுதாசியில் இல்லை, பொன்னம்பலத்தின் முகத்தில் இருந்தது. கையில் இருந்த துரும்புச் சீட்டை மறந்து வேறெதையோ இறக்கினார். குகதாசன் பல்லைக் கடித்தான். கோப்பாய்க்காரர் வென்றார்கள். தோற்றவர்கள் காதில் குணுக்குத் தொங்கவேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். பலா இலையைச் சுருட்டிக் குகதாசனின் காதிலும் பஞ்சலிங்கத்தின் காதிலும் மாட்டிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் அந்தக் கோலத்தோடு மாப்பிள்ளையின் மாமனுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். பூரணத்துக்கு நெருப்புப் பற்றியது.

முற்றத்துப் பந்தலில் வாழையிலை போட்டார்கள். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பொன்னம்பலம் மட்டும் உட்காரவில்லை.

"எனக்கு வேண்டாம் தங்கச்சி. வயிறு சரியில்லை" என்றார்.

வயிறு சரியில்லை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை பகுதியார் சம்பந்தம் பொருந்தும்வரை பெண் வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். தேத்தண்ணியும் பழமும் யாரும் எடுக்கலாம். சோறு தின்றால் உறவு. பொன்னம்பலம் போய் விறாந்தைப் படியில் இருந்தார். அந்தப் படியில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான், காதில் குணுக்கோடும் முன்னால் வெறும் தரையோடும். பூரணம் சோறு போடாத ஆளும் பூரணத்தின் சோறு தின்னாத ஆளும் பக்கத்தில் பக்கத்தில். அடுப்படி யன்னலுக்கு நேர் கீழே. பூரணத்தின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. தானே இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி வைத்தது போலாயிற்றே!

"தம்பி ஏன் சாப்பிடேல்லை?" என்று கேட்டார் பொன்னம்பலம்.

"எனக்கு இஞ்சை சோறு இல்லை. பிஸ்கட்தான்."

"ஏனோ?"

"கோவம். மூண்டு வருசமாக் கோவம். உங்களை மாதிரி ஆக்கள் விசாரிக்க வந்தவை. தெரியாது எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

"தெரியாதோ?"

"ஏன் தெரியாது? எல்லாம் தெரியும். என்ரை மோட்டர் வயரைக் கழட்டினவள் உவள், என்ரை வாழையைக் காயவிட்டவள். நான் என்னத்துக்கு உவளுக்கு நல்லது சொல்ல? இண்டைக்கும் சொல்ல மாட்டன். உவள் பத்திரகாளி. என்ரை மூக்குக்கு நேரை கத்தரிக்காய்க் குழம்பு வைச்சுப்போட்டு எனக்குத் தராமல் விட்டிருக்கிறாள், கண்டியளோ?"

பூரணம் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"தாயை விடும்" என்றார் பொன்னம்பலம். "பெட்டை எப்பிடி?"

குகதாசன் காதில் இருந்த குணுக்கைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

"பெட்டையிலை பொய் சொன்னா என்ரை நாக்கு அழுகிப்போம்" என்றான் எரிச்சலோடு. "போன மாரிக்கு என்ரை மனிசி வழுக்கி விழுந்து காலை முறிச்சுக்கொண்டு கிடந்தா. வீட்டிலை சமைக்க ஆள் இல்லை. உந்தப் பெட்டை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னம், தாய்க்குத் தெரியாமல் வேலிப் பொட்டுக்குள்ளாலை புகுந்து வந்து கஞ்சி தந்திட்டுப் போகும். எனக்கும் சேத்துத்தான். இதைத் தாயிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, பெட்டையைக் கொன்றுபோடுவாள்."

பந்தலில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பொன்னம்பலம் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனார். வெறுமையாகக் கிடந்த ஒரு இலைக்கு முன்னால் இருந்தார்.

"தங்கச்சி, ஒரு கரண்டி சோறு போடுங்கோ."

பஞ்சலிங்கம் காதில் குணுக்கோடு அழத் தொடங்கிவிட்டார். பூரணம் வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வறை வைத்தாள். கேளாமலே இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சந்தோசத்தாலா, கோபத்தாலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மூன்று வருசம் ஒரு பருக்கை போகாமல் காவல் காத்தாள். தன் அரிசியே தன் வேலியால் நடந்துபோய் அவன் வயிற்றுக்குள் விழுந்திருக்கிறது. தன் வீட்டுக்குள்ளேயே தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று அவளுக்குப் பற்றி எரிந்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இனி என்ன, குகதாசனுக்கும் ஒரு இலை போடுவாள் என்று பார்த்தார்கள். பந்தலில் இன்னும் ஒரு இலை மிச்சம் இருந்தது. பூரணம் உள்ளே போனாள். திரும்பி வந்தாள். படியில் இருந்தவனுக்கு முன்னால் ஒரு வெறுந்தேத்தண்ணியும் பிஸ்கட் தட்டையும் வைத்தாள். இரண்டு பிஸ்கட். ஆனால் மூன்று வருசத்தில் முதல் தடவையாக, வைக்கும்போது அவளுக்குக் கை கூசியது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குகதாசன் ஒரு வாய் குடித்தான். "பூரணக்கா, சீனி காணாது, இன்னும் ஒரு கரண்டி" என்றான்.

"உனக்கு உது காணும்."

அடுப்படியில் பிரசாந்தி பாயசத்தை ஊற்றிக்கொண்டு நின்றாள். தாய் வந்த வேகத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்திருப்பாள். பூரணம் அடிக்கவில்லை. பானை மூடியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"உவன் வீட்டுக்குக் கொண்டுபோன கஞ்சிக்கு உப்புப் போட்டனியோ?"

"ஓம் அம்மா. போட்டனான்."

பூரணம் மூடியைப் பானைமேல் அடித்து மூடினாள். "விசரி" என்றாள். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெகு நேரம் முகத்தைக் காட்டவே இல்லை.