வெறும் என்டர்

என் அப்பாவுக்குக் கீபோர்டில் உருப்படியாகத் தெரிந்த பட்டன் ஒன்றே ஒன்றுதான். அது என்டர். மற்ற எழுத்துகளெல்லாம் அப்படியே இருக்க, அது மட்டும் தேய்ந்து வழவழவென்று மின்னும்.

கந்தர்வக்கோட்டையில் எங்களுக்கு முந்திரி வியாபாரம். உடைத்த பருப்பை மூட்டை கட்டி, காலை பஸ்ஸில் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடைகளுக்கு ஏற்றிவிடுவார் அப்பா. எந்தக் கடைக்கு எத்தனை கிலோ என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அந்தத் தலை எப்போதாவது தஞ்சாவூர் மூட்டையைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிடும்.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள். ஊருக்கெல்லாம் எழுதுகிறேன், பெற்ற அப்பாவுக்கு எழுத மாட்டேனா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, என் பழைய லேப்டாப்பில் போட்டு, கூடத்து மேஜையில் வைத்தேன். படம், பட்டன் ஒன்றும் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. அதில் ஒரு கேள்வி வரும், பக்கத்தில் கர்சர் மினுக்கும். பதிலைத் தட்டி என்டரை அழுத்தினால் அடுத்த கேள்வி. எல்லாம் முடிந்ததும் மூட்டையில் ஒட்டுகிற சீட்டு பிரிண்டரில் வரும்.

கேள்வி கேட்பது சுலபம், எங்கள் வீட்டு ஆட்களிடம் பதில் வாங்குவதுதான் பெரும்பாடு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. "புதுக்கோட்டைக் கடைக்கு எத்தனை கிலோ?" என்று திரை கேட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒரு பத்து போடு" என்று வாயால் பதில் சொன்னார். திரை சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். தட்டத்தான் வேண்டும் என்று நான் சொன்னதும் ஒற்றை விரலால் பத்தை எண்ணில் தட்டி, மரியாதைக்காகப் பக்கத்தில் கிலோ என்றும் சேர்த்தார். எண்ணை மட்டுமே எதிர்பார்த்த ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தில் நாலு வரி கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"என்னமோ வையுது ஆத்தா," என்றார். அப்பா என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"வையலைப்பா. கிலோன்னு போடாதீங்க, நம்பர் மட்டும் போடுங்க."

"கிலோ போடாம வெறும் பத்துன்னா, பத்து என்னத்த?"

நியாயம்தான். கிலோ, கிராம் எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். மறுநாள் அவர் ஒன்றுமே தட்டாமல் என்டரை மட்டும் அழுத்தினார். மறுபடியும் ஆங்கில வசவு. "நேத்து மாதிரித்தான் இன்னைக்கும். இதுகூடவா அதுக்குத் தெரியாது?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். சரி என்று அதையும் சொல்லிக்கொடுத்தேன். வெறும் என்டர் வந்தால் நேற்றைய அளவையே வைத்துக்கொள். எங்கள் தொழிலில் இதற்கு டிஃபால்ட் என்று பேர். எதிராளி வாயைத் திறக்காவிட்டால் நாமாக எடுத்துக்கொள்கிற பதில் அது.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கொண்டாட்டம். ஒரு கையில் காபி டம்ளர், மறுகையால் டொக், டொக், டொக். சீட்டு வந்துவிடும். கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்த தஞ்சாவூர்க்காரருக்கும் மூட்டை ஒழுங்காகப் போய், பூட்டின ஷட்டரைத் தரிசித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்கும் வசவு எனக்குத்தான்.

இந்த டிஃபால்ட் நான் கொண்டுவந்ததல்ல, எங்கள் குடும்பத்தில் பரம்பரையாகவே இருக்கிறது என்பது பொன்னமராவதி அத்தை வந்த அன்றுதான் புரிந்தது. அத்தை அப்பாவின் அக்கா. ஒரு கையில் கமர்கட்டுப் பொட்டலம், மறு கையில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோ என்று வந்திறங்கினார். கமர்கட்டு கருங்கல் மாதிரி இருந்தது. ஆசைப்பட்டு ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கெட்டியாக ஒட்டிக்கொண்ட நேரம் பார்த்து அத்தை போட்டோவை நீட்டினார்.

"பையன் சிங்கப்பூர்ல இருக்கான். ஒனக்குச் சம்மதந்தானேடி?"

வாயைத் திறக்கப் பார்த்தேன், வெல்லம் விடவில்லை. கண்ணை உருட்டினேன், கையை ஆட்டினேன். அதையெல்லாம் அத்தை வெட்கத்தில் சேர்த்துவிட்டார். கமர்கட்டு கரைவதற்குள் பொன்னமராவதியில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பேசி, வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாக முடிவும் ஆகிவிட்டது.

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?" என்று பல்லைத் துழாவிக்கொண்டே கத்தினேன்.

"வேண்டாம்னும் சொல்லலையேடி," என்றார் அத்தை.

மௌனம் சம்மதமாம். அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததையே அத்தை எனக்குத் திருப்பி ஓட்டிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயைத்தான் வெல்லம் பூசி அடைத்தாயிற்றே!

அம்மாவிடம் போனேன். "எதுனாலும் அப்பாகிட்டப் பேசு" என்று அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள். அப்பாவோ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "அப்பா, அந்த விஷயம்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், "தோப்புல ஆள் நிக்குது ஆத்தா, போயிட்டு வாரேன்" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். கல்யாணப் பேச்சை அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நடுவில் யாராவது வேண்டும். நடுவில் இருந்தவரோ அத்தை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போட்டோவில் இருந்த மனிதர்மேல் ஒரு குறையும் இல்லை, முகம் லட்சணமாகவே இருந்தது. ஆனால் யாரோ அழுத்தின என்டரில் நான் போய்ச் சிங்கப்பூரில் இறங்க வேண்டுமா? அத்தை கேட்டதைக் கேள்வியில் சேர்க்க முடியாது. ஒருவராவது என் முன்னால் நின்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதை நினைத்தபோது கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

அப்பா கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற இடம் வீட்டில் ஒன்று உண்டே என்று வியாழக்கிழமை காலையில் பல் விளக்கும்போது உறைத்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே கூடத்துக்கு ஓடினேன். கிலோக் கேள்விகளுக்கு முன்னால் புதிதாக இரண்டு கேள்விகளைச் செருகினேன். இரண்டுக்கும் டிஃபால்ட் வைக்கவில்லை. பிறகு என் அறையில் போய் உட்கார்ந்து, கதவை விரற்கடை திறந்து வைத்துக்கொண்டேன். இடுக்கு வழியாக மேஜையும் திரையும் தெரிந்தன.

அப்பா டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். டொக். வழக்கமான அடுத்த டொக் வரவில்லை. கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது.

திரையில் இருந்தது இதுதான்: "மாப்பிள்ளை விஷயத்தை மகளிடம் கேட்டாச்சா? ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 2."

டொக். "பதில் வேண்டும்" என்றது திரை. டொக். "பதில் வேண்டும்." டொக், டொக், டொக்.

"ஆத்தா, இது கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்கு!"

"பதில் சொல்லாட்டி அப்படித்தாங்கப்பா கேக்கும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆத்தா."

"ரெண்டே கேள்விதாங்கப்பா. அப்புறம் சீட்டு வந்துரும்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்லி இரண்டைத் தட்டினார். "போய்க் கேட்டுவிட்டு வரவும்" என்று சொல்லிவிட்டுத் திரை மறுபடி முதல் கேள்விக்கே வந்து நின்றது. அப்பா ஒருமுறை என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வேலையாக இருப்பது போலக் குனிந்துகொண்டேன். துணிந்து ஒரு பொய் சொன்னார். ஒன்றைத் தட்டினார்.

அந்தப் பொய்க்காகத்தான் இரண்டாவது கேள்வியை வைத்திருந்தேன்: "என்ன சொன்னாள்?"

டொக். "பதில் வேண்டும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தோப்புக்குப் போகப்போகிறார், வண்டிச் சாவியைத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ என்ன சொன்னேன்னு போட?"

இத்தனைக்கும் வாயில் கமர்கட்டு இல்லை. ஆனாலும் எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அப்பா அவசரப்படுத்தவில்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டபோதும் நகரவில்லை, தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு அவரோட பேசணும்ப்பா. பேசிட்டுத்தான் சொல்லுவேன். நாளைக்குப் பூ வைக்க வர வேண்டாம்."

"பேசணும்னு போடுறேன்," என்று திரும்பிப் போனார். போனில் வாட்ஸ்அப் அனுப்புகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அதற்குள் பஸ் போய்விட்டது, மூட்டைகள் மத்தியான வண்டிக்குத்தான் போயின. அப்பா அதற்கு என்னை வையவில்லை. அத்தைக்குப் போன் போட்டு, "அக்கா, பூ இப்ப இருக்கட்டும். புள்ளை பேசணும்ங்குது" என்றார். அந்தப் பக்கம் அத்தை போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. அப்பா ஒருமுறைகூட "சரிக்கா" என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிங்கப்பூர்க்காரரோடு பேசினேன். நல்ல மனிதர். கமர்கட்டுக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வீட்டில் போன் செய்து கேட்டபோது சிக்னல் போய்விட்டதாம், திரும்ப லைன் கிடைப்பதற்குள் அவரும் சம்மதித்துவிட்டதாக முடிவாகியிருந்ததாம். இரண்டு பேருமே கொஞ்சமும் மனத்தாங்கல் இல்லாமல் வேண்டாம் என்று முடித்து, அவரவர் வீட்டில் வாயைத் திறந்து சொன்னோம். அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை. கமர்கட்டும் வருவதில்லை.

வேலை முடிந்ததென்று அந்த இரண்டு கேள்விகளையும் அழித்துவிட்டேன். மறுநாள் காலை டொக், டொக், டொக். சீட்டு வந்துவிட்டது. அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஆத்தா, இன்னைக்கு அது ஒன்னையப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"அதான் முடிஞ்சுபோச்சேப்பா. எடுத்துட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். தெளிவாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தார்.

"எடுக்காத. அது கேட்டாத்தான் எனக்கு ஒன்கிட்டக் கேக்க வருது."

கேள்வியைத் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போது அது "மகளிடம் இன்றைக்கு என்ன பேசினீர்கள்?" என்று கேட்கும். வெறும் என்டருக்கு நகராது.