சித்தப்பா போட்ட சைபர்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரு வைத்த பெயர் கொக்குக்காரர். ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பைனாகுலரும் கையுமாக மாடியேறி, தெருமுனைப் புளியமரத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? மழை, பனி, கோடை, எந்தக் காலத்திலும் விடமாட்டார். அவர் பறவைகளை எண்ணிச் சொல்ல, நான் அதைப் போனில் பறவைக் கணக்கில் ஏற்ற வேண்டும். மூன்றாவது படிக்கும்போதே எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. கோடையில் நாலு காக்கா, ஒரு மைனாவோடு வேலை முடிந்துவிடும். ஐப்பசி மழை விழுந்தால் கொக்குகளும் வக்காக்களும் வந்து கிளைக்குக் கிளை கூடு கட்டும். அப்போது விரல் வலிக்கும்.

தகராறு அந்த மரத்தடியில்தான். பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுமுன் தெருவில் நீளமாக நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்துச் சீராக்க வேண்டும். அதற்குப் பாவு என்று பெயர். எங்கள் தெருவில் பாவு நீட்ட அந்த இடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

ஒரு கார்த்திகையில் அப்பா கல்யாணப் புடவைக்குப் பாவு நீட்டினார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. எச்சம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், பறவைகளை விரட்ட மரத்தடியில் நின்று தாம்பாளத்தைத் தட்டோ தட்டென்று தட்டினார். பெரிய பறவைகள் பறந்துவிட்டன. குஞ்சுகள் எங்கே போகும்? கொக்குக் குஞ்சு பயந்தால் தின்றதைக் கக்கிவிடும். தட்ட வேண்டாம் என்று சித்தப்பா மாடியிலிருந்து கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்? பாதி செரித்த மீன் அரக்குச் சிவப்புப் பட்டின் மேல் பொத்பொத்தென்று விழுந்தது. மணப்பெண் புடவைக்கு மீன் நாற்றம்!

அப்பா உடனே மரம் வெட்ட ஆளுக்குச் சொல்லியனுப்பினார். மத்தியானத்துக்குள் ரம்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். தெருவே கூடி நின்றது, ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கிளையில் கயிறு விழுந்ததும் மேலே குஞ்சுகள் ஒரே கூச்சல். அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியே அறியாத சித்தப்பா, இறங்கிப் போய் அடிமரத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நவுருடா. குஞ்சு குஞ்சுன்னு பார்த்துகினு இருந்தா நம்ம பொழப்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் அப்பா.

சித்தப்பா குரலை உயர்த்தவில்லை. "மாசி வரைக்கும் பொறுத்துக்குங்கண்ணா. வருசா வருசம் எண்ணிகினு வரேன், அப்போ ஒரு கூட்டுலயும் குஞ்சு இருக்காது. நானே ஆளுங்கள கூட்டிகினு வரேன்."

ரம்பக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா அண்ணாந்து கூடுகளைப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! எங்கள் சித்தப்பா மரத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தேன். மாசி என்பது அப்பாவைச் சமாளிக்கச் சொன்ன சாக்கு என்றே நினைத்தேன். பெரியவர்கள் தவணை சொன்னால் அது வரவா போகிறது? தை பிறந்ததும் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. ஒவ்வொரு ஞாயிறும் கூடுகள் காலியாகக் காலியாக, சித்தப்பாவின் குரலும் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கென்ன, வேலை குறைந்தது என்று சந்தோஷம்.

மாசியில் அவரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மரத்தில் ஏறிக் கூடு கூடாகக் கைவிட்டுப் பார்த்தார். இறங்கி வந்து, சரி என்று தலையாட்டினார். ரம்பம் இழுக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, துரோகி, துரோகி என்று மனசுக்குள் திட்டினேன். சாயங்காலம் எனக்காக முட்டை பப்ஸ் வாங்கி வந்தார். தின்றேன். ஆனால் பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. சித்தப்பா என்னைக் கெஞ்சி மாடிக்கு அழைத்துப் போனார். கொக்குகள் வந்தன. மரம் இருந்த இடத்துக்கு மேலே சுற்றின, மறுபடியும் சுற்றின. ஒன்று மட்டும் கரண்டு கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மற்றவற்றோடு போய்விட்டது.

"கூடு எத்தினின்னு போடும்மா," என்றார்.

"இன்னாத்த போடுறது?"

"சைபர் போடு. அதுவும் கணக்குதான்."

முடியாது என்று போனை அவர் மடியில் எறிந்தேன். அவரே எடுத்தார். ஒரு சைபரைப் போட அத்தனை நேரம் ஏன் ஆனது என்று எனக்குப் புரியவில்லை. கல்நெஞ்சுக்காரர், இன்றைக்குக்கூட கணக்கை விடவில்லையே என்றுதான் ஆத்திரப்பட்டேன். அன்றைக்கு அடிமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றபோதே இந்தச் சைபரை அவர் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத்தான் குஞ்சுகளின் உயிரை மட்டும் கேட்டு வாங்கினார் என்று எனக்கு அப்போது தெரியாது.