விருதுநகரில் இருநூற்று நாற்பது புளியங்கொட்டை

காலை 7.10. தாயில்பட்டி விலக்கில் வேன் வந்து நின்றது. தை மாதம், கடைசி ஞாயிறு. தினமும் பட்டாசு ஆலைக்குப் போகிற அதே வேன், அதே டிரைவர் பாண்டி. போகிற இடம்தான் வேறு. விருதுநகரில் ஒரு கல்லூரி.

இருபத்து நாலு பேர் ஏறினோம். ஆறு ரூம் ஆட்கள். எங்கள் தொழிலில் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. தீ பிடித்தால் அந்த நாலு பேரோடு போகட்டும் என்று வைத்த சட்டம். என் ரூமில் நான், பேச்சி, ராமுத்தாய், முருகேசன் அண்ணன். பதினோரு வருசமாக இந்த நாலு பேர்தான்.

ஆட்களைச் சேர்த்தது நான். கேட்டது கவிதா. சென்னைப் பக்கம் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பிள்ளை. இரண்டு மாதமாக எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறது. காலைச் சாப்பாடு என் வீட்டில். இன்று அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை மாதிரி ஒன்று. அதற்கு நாங்கள் வேண்டுமாம். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

7.50. விஸ்வநத்தம் தாண்டினோம். கூடவே வந்த கவிதாவிடம் முருகேசன் அண்ணன் கேட்க ஆரம்பித்தார்.

"ஏத்தா, நீ முன்னாடி என்ன படிச்ச?"

"துகள் அண்ணே. அணுவுக்குள்ள இருக்கிற துகள்."

"நம்ம வெடிமருந்துத் தூள் கணக்கா?"

"அதைவிடக் கோடி மடங்கு சின்னது. கண்ணுக்குத் தெரியாது. யாரும் பாத்ததில்ல. கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிப்போம்."

"பாக்காததுக்கு ஒரு படிப்பு. அதுக்குச் சம்பளம் வேற. நாங்க பாத்துப் பாத்துச் செஞ்சும் பத்தல."

வேனில் எல்லோரும் சிரித்தோம். கவிதாவும் சிரித்தது. பிறகு சொன்னது: "ஒரு வகைத் துகளை எடுத்தா, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே கிடையாது. எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி. மனுசங்களையும் அப்படி ஒண்ணு போல வச்சு ஆரம்பிச்சா, கடைசியில ஏன் ஒருத்தர் பணக்காரர், ஒருத்தர் ஏழைன்னு ஆகுதுன்னு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அதான் இங்கன வந்துட்டேன்."

"இங்கன" என்று எங்களைப் போலவே சொன்னது. பேச்சி என்னை இடித்தாள்.

"அணுவ விட்டுட்டு நம்மள்ட்ட வந்திருக்கு பாருங்க மயினி. வீட்ல வைய மாட்டாகளா?"

வீட்டில் வையவில்லையாம். பேராசிரியர்தான் வைகிறாராம். கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது; சமமாக ஆரம்பித்தாலும் கடைசியில் எல்லாம் சிலர் கையில் போய்ச் சேருகிறதாம். மனுசரை வைத்தும் அதே மாதிரி வர வேண்டும். இன்று அவர் நேரில் பார்க்கிறார். வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிட்டு, கவிதா பழையபடி துகளுக்கே போக வேண்டும்.

8.15. சிவகாசி. தாயில்பட்டியில் இருந்து பதினேழு கிலோமீட்டர். பேருந்து நிலையம் பக்கம் டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு ரூபாய். காலண்டர் அச்சகங்களில் ஞாயிறு என்றும் பாராமல் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர். 9.20க்குக் கல்லூரி வாசல். வேன் மீட்டரில் மொத்தம் நாற்பத்து நாலு கிலோமீட்டர்.

ஹால் பெரிது. ஏசி போட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டோம். போனை எல்லாம் ஒரு பையில் போட்டு வராண்டாவில் வைத்தோம். ஆலையில் அப்படித்தான் பழக்கம். முருகேசன் அண்ணன் கதவை இழுத்தும் தள்ளியும் பார்த்தார்.

"உள்ள பாத்துல்ல தெறக்குது. ஒண்ணுன்னா எப்படி ஓடுறது?"

"இங்கன வெடிக்க என்ன இருக்கு? உக்காருங்கண்ணே" என்றேன். அவர் கதவு ஓரத்தில்தான் உட்கார்ந்தார். நாங்களும் அவர் பக்கத்தில். மற்றவர்களும் அப்படித்தான். நாலு நாலு பேராக, நடுவில் இடம் விட்டு. ஹாலின் நடு காலியாகக் கிடந்தது.

பேராசிரியர் வந்தார். அறுபது வயது இருக்கும். கும்பிட்டார். தன்மையான மனுசன்தான்.

9.45. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தார்கள். மொத்தம் இருநூற்று நாற்பது. ஆட்டம் இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து காசு சுண்ட வேண்டும். இருவரில் யார் கையில் குறைச்சலோ, அவர் வைத்திருப்பதில் பாதி பந்தயம். பாதி சரியாக வராவிட்டால் அரையை விட்டுவிடலாம்; ஒன்றே இருந்தால் அந்த ஒன்று. பூ விழுந்தால் ஒருத்தருக்கு, தலை விழுந்தால் மற்றவருக்கு. முடிந்ததும் வேறு ஆளிடம் போக வேண்டும். கொட்டை தீர்ந்தவர் போய் நாற்காலியில் உட்கார வேண்டும். யாரும் ஏமாற்ற முடியாது. சாமர்த்தியமும் தேவையில்லை.

ஒரு மணி நேரம் ஆடினோம். நல்ல சிரிப்பு. நாங்கள் எங்கள் ரூம் ஆட்களோடுதான் ஆடினோம். வேறு ரூமுக்குப் போக யாருக்கும் தோன்றவில்லை. நேரம் முடிந்தது, எண்ணிச் சொல்லுங்கள் என்றது கவிதா. ராமுத்தாய் முந்தானையை விரித்தாள். நாலு பேரும் கொட்டையைக் கொட்டினோம். நாலாகப் பிரித்தோம். ஆளுக்குப் பத்து.

ஆறு ரூமிலும் அதே கதை. இருபத்து நாலு பேரும் "பத்து", "பத்து" என்று சொன்னோம். கவிதா எழுதிக்கொண்டே வந்தது, பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டது.

பேராசிரியர் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சு போச்சுங்கய்யா" என்றேன்.

"அப்ப எப்படி எல்லார்கிட்டயும் பத்து?"

"பிரிச்சிட்டோம்ல."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். எங்கள் ஆலையில் கூலி ரூமுக்கு. பேச்சி கை வேகம். ராமுத்தாய்க்கு முட்டுவலி, மெதுவாகத்தான் வரும். யார் எத்தனை செய்தார்கள் என்று எண்ணுவதில்லை. சனிக்கிழமை ரூமுக்கு வருவதை நாலாகப் பிரிப்போம். எண்ணச் சொன்னதும் கை அதுவாகப் பிரித்துவிட்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வேற விஷயம் கவிதா. நீ எழுதிக் கொடுத்தது இது இல்ல. இதைக் கணக்குல சேக்க முடியாது."

கவிதா முகம் சுண்டிவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "அக்கா, இன்னொரு தடவை ஆடணும். இந்தத் தடவை பிரிக்கக் கூடாது. இதுவும் வரலன்னா நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நான் எழுந்தேன். சத்தமாகச் சொன்னேன்: "இந்தா பாருங்க, இந்த வாட்டி யாரும் பிரிக்கக் கூடாது. ரூம் ரூமாவும் நிக்கக் கூடாது. அம்புட்டுப் பேரும் கலந்து நில்லுங்க."

நான்தான் சொன்னேன். அது மறக்கவில்லை.

11.30. இரண்டாவது ஆட்டம். முதல் கால் மணி நேரம் சிரிப்பு இருந்தது. பிறகு குறைந்தது. சுவர் ஓரத்து நாற்காலிகள் நிறைந்துகொண்டே வந்தன. ராமுத்தாய் போய் உட்கார்ந்தாள். முருகேசன் அண்ணன் உட்கார்ந்தார். எனக்குத் தலை கேட்டால் தலை, பூ கேட்டால் பூ. மடி கனத்தது.

பேச்சி என் எதிரே வந்து நின்றாள். அவள் கையில் ஒன்றே ஒன்று.

"வேற ஆள்ட்டப் போயேன்" என்றேன்.

"எங்கன போனாலும் ஒண்ணுதான் மயினி. சுண்டுங்க."

சுண்டினேன். எனக்கு விழுந்தது. அவள் அந்த ஒன்றை என் கையில் வைத்தாள். நான் வாங்கினேன். ஆட்டம் அப்படி.

முடிவில் நாலு பேர்தான் நின்றோம். என்னிடம் நூற்றுப் பதினேழு. கம்ப்யூட்டரில் வந்த மாதிரியே வந்திருக்கிறது என்று பேராசிரியர் கவிதாவுக்குக் கை கொடுத்தார். இதையே மேலே படிக்கலாம் என்றார். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டது. எனக்கும் சந்தோசம்தான்.

"நான் என்னய்யா சாமர்த்தியம் பண்ணேன்?" என்று பேராசிரியரைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. அதுதான் விஷயமே. நீங்க இல்லன்னா இன்னொருத்தர் கையில சேந்திருக்கும்."

"அப்ப பேச்சி என்ன தப்புப் பண்ணா?"

"அவங்களும் ஒண்ணும் பண்ணல."

முருகேசன் அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்: "அப்ப எங்க முதலாளியும் எங்கள ஏமாத்தலங்கீகளா சார்?"

"அப்படி நான் சொல்லல."

"அப்ப ஏமாத்துறாருங்கீக."

"அதையும் நான் சொல்லலைங்க."

"பின்ன என்னதான் சார் சொல்லுதீக?"

பேராசிரியர் கவிதாவைப் பார்த்தார். கவிதா தரையைப் பார்த்தது.

மதியம் 1.30. கடைத்தெருவில் சாப்பாடு. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, ஒன்று பதினைந்து ரூபாய். மொறுமொறுவென்று இருக்கும், சால்னா ஊற்றினால்தான் இறங்கும். எல்லோருக்கும் சேர்த்துப் பேராசிரியரே காசு கொடுத்தார். முதல் ஆட்டத்தையும் எழுதுவாயா என்று கவிதாவைக் கேட்டேன். எழுதினால் சார் கோடு போட்டு அடித்துவிடுவார் என்றது. கொஞ்ச நேரம் கழித்து, அடிக்குறிப்பாகப் போட்டுப் பார்க்கிறேன் என்றது. அடிக்குறிப்பு என்றால் பக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வருவதாம்.

3.00. திரும்பினோம். முருகேசன் அண்ணன், "முதலாளியம்மாவுக்கு முன் சீட்டு விடுங்கலே" என்றார். சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை. காலையில் என் பக்கத்தில் இருந்தவள், இப்போது கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். ஆமத்தூர் வரை பார்த்தேன். பிறகு எழுந்து போனேன்.

"என்னட்டி? புளியங்கொட்டைக்கா?"

"கொட்டைக்கு என்ன மயினி. நீங்க வாங்கிக்கிட்டீகளேன்னுதான்."

"நீதான சுண்டச் சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

என் சீட்டுக்கே திரும்பி வந்தேன். 4.50க்குத் தாயில்பட்டி.

விருதுநகர் நல்ல ஊர். ஹால் குளிர்ச்சியாக இருந்தது. மரியாதையாக நடத்தினார்கள். எங்கள் ரூம் பத்துக்குப் பத்து. தகரக் கூரை, மதியம் கொதிக்கும். திங்கட்கிழமை நாலு பேரும் வழக்கம்போல உட்கார்ந்தோம். பேச்சு இருந்தது. பேச்சியும் பேசினாள். போட்டியில் தப்பும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை என்றால், அந்த நூற்றுப் பதினேழு எப்படி என் மடிக்கு வந்தது என்று வேலைக்கு நடுவில் யோசித்தேன். பிடிபடவில்லை.

சனிக்கிழமை கூலி வந்தது. நாலாகப் பிரித்துக் கொடுத்தேன். பதினோரு வருசமாக நான்தான் பிரிக்கிறேன். வாங்கி அப்படியே சுருக்குப் பையில் போடுகிறவள் பேச்சி. அன்று என் முன்னாலேயே எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். ராமுத்தாயும் எண்ணினாள்.

சரியாகத்தான் இருந்தது.