லிங்கம் மேஸ்திரி மிச்சம் பிடித்த கம்பி

லிங்கத்தை மேஸ்திரி என்று கூப்பிட்டோம். கரணை பிடித்து அவர் ஒரு கல் வைத்ததைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. கட்டட வேலையைக் கொந்தராத்து எடுத்தவரின் தங்கையைக் கட்டியவர். அதுதான் அவருடைய தொழில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில், இலங்கையில் அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் நாலு மாடித் தேயிலைத் தொழிற்சாலை எழும்பியது. கான்கிரீட் உத்தரங்களுக்குள் வைப்பதற்கு, அவற்றின் நீளத்துக்கே அளந்து, இருபதடி இரும்புக் கம்பிகள் ரயிலில் வந்தன. “ஒரு சாண் கம்பிகூட வீணாகாதுங்க” என்று வெள்ளைக்காரத் துரையிடம் லிங்கம் பல்லைக் காட்டினார்.

அவ்வளவு நீளத்தை ஏற்றினால் மாட்டுவண்டி மலைப்பாதை வளைவுகளில் திரும்பாது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சுமை தூக்க வந்திருந்த அங்கம்மா ஸ்டேஷனில் வைத்தே சொன்னாள்: “கோயில் கொடிமரத்த எட்டுப் பேரு தோள்ல வச்சு இதே வளைவுலதானே கொண்டாந்தோம்? இதையும் அப்படியே தூக்கிட்டுப் போயிரலாங்க.”

“கொழுந்து கிள்ளுற கைக்கு இரும்பப் பத்தி என்னா தெரியும்?” என்றார் அந்த மகா மேதை. அங்கேயே எல்லாக் கம்பிகளையும் சரிபாதியாக வெட்டவைத்தார். வண்டிக்காரனுக்கு வசதியாம்.

வெட்டியதை மறுபடி இணைக்க, ஒன்றின்மேல் ஒன்றை இரண்டடி ஏற்றிக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் கம்பி போதாது. துரையிடம் அடித்த பெருமை காற்றில் போய்விடும். “முனையோட முனைய முட்ட வச்சுக் கட்டுங்க. வெளிய யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் லிங்கம்.

கம்பி கட்டும் ஷுக்ரி மறுத்தான். “அது பாரம் தாங்காதுங்க. கீழ பொம்பளைங்க ஒக்காந்து தேயில பொறுக்குவாங்க.”

அன்றே அவனுக்கு வேலை போயிற்று. கம்பி கட்டும் மற்ற ஆட்கள் நாங்கள் முட்ட வைத்தே கட்டினோம். கான்கிரீட்டும் ஊற்றி மூடினோம்.

ஒரு மாதம் கழித்து உத்தரங்களைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுக்கும் நாள் வந்தது. துரையும் வந்து நின்றார். லிங்கம் வாசலுக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு, “அங்கம்மா, பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு உள்ள போயி குப்பைய அள்ளு” என்று அதட்டினார்.

அவள் அசையவில்லை. ஷுக்ரிக்கு ஏன் வேலை போனது என்று அவளுக்குத் தெரியும். “முட்டு எடுக்கிறப்ப நீங்க அடியில வந்து நில்லுங்க, மேஸ்திரி. அப்பறம் நாங்க வாறோம்.”

லிங்கத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. வயிறு சரியில்லை என்று முனகினார். துரைக்கு அரைகுறைத் தமிழ்தான். அந்த முகத்தைப் படிக்க அது போதும். “உள்ளே போய் நில்” என்றார். லிங்கம் எடுத்த ஓட்டம் மைல்கணக்கில் தள்ளி, பெரகல சந்தியில்தான் நின்றிருக்கும்.

உத்தரத்தை உடைத்துப் பார்க்கச் சொன்னார் துரை. உள்ளே முனையும் முனையும் முட்டிக்கொண்டு கிடந்தன. ஓடியவனை வாய்க்கு வந்தபடி ஏசினோம், காறித் துப்பினோம்.

அங்கம்மா ஏசவில்லை. எங்கள் கைகளைப் பார்த்தாள்.

“அவரு சொன்னாரு. கட்டுனது யாருங்க?”