முதல் காய் என் கையில்

1. வேப்பங்கிளை

கத்தி உடைவது எனக்குப் புதிதில்லை. பொழுதுபோக்காகக் கத்தி அடிக்க உட்கார்ந்தவன் எவனும் நாலைந்தையாவது உடைக்காமல் இருந்திருக்க மாட்டான். அன்று காலை பாகாலாவில், என் வீட்டுப் பின்பக்கம் உடைந்ததுதான் வேறு மாதிரி. காய்ந்த வேப்பங்கிளையை வெட்டிக்கொண்டிருந்தேன். ஓங்கிப் போட்ட ஒரு வெட்டில் பிடி மட்டும் கையில் நின்றது. அலகு பறந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதித் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் முன்புவரை அந்தக் கல்லில்தான் என் மனைவி வசந்தா துவைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாங்க சத்தம்? மொதல்ல கையக் காட்டுங்க."

"கை நல்லாதான் கீது. கத்திதான் போச்சு."

"போனா போவுது. ரிட்டயர் ஆன மனுஷன் பேப்பர் படிப்பான், கோயிலுக்குப் போவான். நீங்க ஊட்லயே கொல்லன் ஒல வச்சிக்கினு கீறீங்க."

அவள் திட்டியது காதில் ஏறவில்லை. உடைந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் வேகன் பிரிவில் டெக்னீஷியனாகக் காலம் தள்ளியவன் நான். உடைந்த இரும்பைப் பார்த்தே தலை நரைத்தது. இப்போதுதான் உடைந்தது என்றால் வாய் முழுக்க வெளிறிய சாம்பல் நிறத்தில் மினுங்கும். பழைய விரிசல் என்றால் அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். இதில் பிடிக்குச் சற்று மேலே, நகத்தளவுக்குக் கறுப்பு இருந்தது. கத்தி அடிக்க நான் சுத்தியலைத் தூக்கும் முன்பே அந்த இரும்புக்குள் விரிசல் இருந்திருக்கிறது.

அதே இரும்பில் நான் இரண்டு கத்தி அடித்திருந்தேன். இன்னொன்று திருப்பதியில் மல்லிகா கையில் இருந்தது.

2. மல்லிகாவின் மணிக்கட்டு

மல்லிகா நகரிப் பக்கத்துக்காரி. திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் இளநீர் வண்டி வைத்திருக்கிறாள். வேலையில் இருந்த காலத்தில், ஷிஃப்ட் முடிந்தால் அவளிடம் ஒரு காய் குடித்துவிட்டுத்தான் வீட்டு ரயில் ஏறுவேன். ஒருநாள் வலது மணிக்கட்டில் துணிக்கட்டோடு நின்றாள். எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"எலும்புலாம் ஒண்ணும் இல்லியாம்ணா. இந்தக் கத்திதான் காரணம்னுட்டாங்க. தூக்கிப் பாரு, கல்லாட்டம் கீது."

தூக்கிப் பார்த்தேன். மார்க்கெட்டில் வாங்கியது. முதுகு ஏகத்துக்குத் தடிமன், எடை முழுக்க நுனியில். நாள் முழுக்க அதை ஆட்டினால் யானைக்கும் மணிக்கட்டு போகும்.

"நான் ஒண்ணு அடிச்சுத் தரேன்" என்றேன். கேட்காமலே வாயைக் கொடுத்தது நான்தான்.

அவள் காய் சீவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டையில் வைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. மல்லிகா இடது உள்ளங்கையில் காயை வைத்துச் சுழற்றிக்கொண்டே வெட்டுவாள். கத்தி இறங்குகிற இடத்துக்கும் அவள் விரலுக்கும் நடுவில் மட்டையைத் தவிர ஒன்றுமில்லை. கத்தி அடிக்கும்போது அந்த இடது கை என் நினைவில் வரவேயில்லை. வலது மணிக்கட்டைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

3. தட்டிக் கேட்டது

புதிதாகக் கத்தி அடிக்க வருகிற பிள்ளைகள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சித்தூரில் பழைய இரும்புக் கடையில் லாரி கமான் பட்டை ஒன்று வாங்கினேன். லாரிச் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அதில் ஒரு பட்டை. நல்ல இரும்பு, கத்திக்கென்றே பிறந்தது என்பார்கள். ஆனால் பட்டையின் நடுவில் ஒரு போல்ட் ஓட்டை இருக்கும். லாரி குலுங்குகிற குலுக்கல் எல்லாம் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் இறங்கும். நான் ஓட்டையை ஒட்டி இரண்டு பக்கமும் அறுத்தேன். இன்னும் ஒரு சாண் தள்ளி அறுத்திருக்கலாம். கத்தி நீளம் குறைகிறதே என்று மனசு வரவில்லை. இரண்டு கத்திக்கும் பிடிப்பக்கம் ஓட்டைப் பக்கமாகவே அமைந்துவிட்டது.

அடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரி உலை, காற்று ஊதச் சின்ன புளோயர். அடிகல்லாக வைத்திருப்பது ஜல்லி உடைக்கிற கிரஷரிலிருந்து வந்த இரும்புக் கட்டை. தண்டவாளத் துண்டா என்று எல்லோரும் கண்ணடித்துக் கேட்பார்கள். இல்லை ஐயா, ரயில்வே பென்ஷன் வாங்குகிறவன் நான், அதன் சொத்தைத் தொடுவேனா? பட்டையைக் காய்ச்சி நிமிர்த்தி, முதுகை மெலிதாக்கி, எடையைப் பிடிப்பக்கம் கொண்டுவந்தேன். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவந்ததும் என்ஜின் ஆயிலில் முக்கித் தோய்ச்சல் போட்டேன். பிறகு டெம்பருக்கு, அதாவது இரும்பு நொறுங்காமல் இருக்க, லேசான சூடு காட்ட வேண்டும். அதை வசந்தா கேக் செய்கிற ஓவனில், அவள் ஊருக்குப் போயிருந்தபோது முடித்தேன். அடுத்த கேக்கில் என்ஜின் ஆயில் வாசனை அடித்தது என்பது தனிக் கதை.

கடைசியில்தான் வேகன்காரன் புத்தி வேலை செய்தது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வண்டி வந்து நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்போம். நல்ல சக்கரம் 'டண்ண்' என்று இழுத்துப் பேசும். விரிசல் விழுந்தது 'டொக்' என்று நிற்கும். அந்தக் காதை நம்பியே வாழ்ந்தவன். இரண்டு கத்தியையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினேன். இரண்டும் கோயில் மணியாகப் பேசின. மல்லிகாவிடம் கொடுக்கும்போதும் பெருமையாகத் தட்டிக் காட்டினேன். "சத்தம் நல்லா இருந்தா இரும்பு நல்லா கீதுன்னு அர்த்தம்" என்று பாடம் வேறு நடத்தினேன்.

சக்கரம் பெரிது, அதன் விரிசலும் பெரிது. மெல்லிய கத்தியில் நகத்தளவு விரிசலைக் காது பிடிக்காது. இது எனக்கு அந்த வேப்பங்கிளையால்தான் தெரிந்தது.

4. பஸ்

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. கைபேசி எடுக்காத மனுஷிக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று எனக்குள் ஒருவன் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் எப்போதுமே எனக்குள் இருக்கிறவன்தான். அன்று மைக் பிடித்துக்கொண்டான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரயிலுக்கு நேரம் இருந்தது, காத்திருக்க முடியவில்லை. ரயில்வே பாஸ் வைத்திருக்கிறவன் டிக்கெட் எடுத்து பஸ் ஏறியதை வசந்தா இன்றுவரை நம்பவில்லை.

சந்திரகிரி தாண்டும்போது டிராஃபிக்கில் பஸ் நின்றது. அன்று சனிக்கிழமை. மலைக்குப் போகிற கூட்டம். கூட்டம் என்றால் வெயில், வெயில் என்றால் இளநீர். இந்த நேரம் கத்தி எத்தனை முறை இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும். என் இடது உள்ளங்கை வேர்த்து ஊறியது. பக்கத்து சீட்காரர் "ஏமண்ணா, ஒண்ட்லோ பாகலேதா?" என்று உடம்புக்கு என்னவென்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். வண்டி தெரிந்தது. குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கை ஒன்று ஓங்குவது தெரிந்தது.

"நிறுத்து!" என்று ஆட்டோவுக்குள்ளிருந்தே கத்தினேன். ஆட்டோக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நடுரோட்டில் பிரேக் போட்டார்.

5. பவுடர் டப்பா

"இன்னாண்ணா, பேயறஞ்சாப்ல வர?" மல்லிகா சிரித்தாள். வலது மணிக்கட்டில் கட்டு இல்லை. இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன்.

"போன் ஏன் எடுக்கல?"

"அது ஜூஸ் கடைல சார்ஜ்ல கீது. இன்னா ஆச்சு?"

"அந்தக் கத்தியக் குடு. வெட்டாத."

சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வந்து நின்றார். "அக்கா, ஒக போண்டம்" என்று இளநீர் கேட்டார். அவள் பழக்கத்தில் காயைக் கையில் எடுத்துவிட்டாள். நான் குறுக்கே கையை நீட்டினேன். வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மல்லிகாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சனிக்கெழம அதுவுமா யாவாரத்தக் கெடுக்கற. பழைய கத்திய தம்பிக்குக் குடுத்துட்டேன். இதயும் நீ எடுத்துக்கினு போனா நான் பல்லால கடிச்சா தரது?"

மாற்றுக் கத்தி ஒன்று எடுத்து வரவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பயந்தவன் புத்தி பாதி வழியில் நின்றுவிடும்.

என் கத்தி உடைந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு கத்தியின் முதுகை வண்டியின் கம்பியில் தட்டினாள். டண்ண் என்றது.

"கேளு. நீதான சொன்ன, சத்தம் நல்லா இருந்தா இரும்பு நல்லா கீதுன்னு? இந்தக் கத்தி வந்தப்புறம்தான் கை வலியில்லாம சோறு துன்றேன். உன்னுது ஒடஞ்சா என்னுதும் ஒடையணுமா?"

என் வாயை என் வார்த்தையாலேயே அடைத்துவிட்டாள். ஒரு நிமிடம் எனக்கே ஆசை வந்தது. ஒருவேளை பட்டையின் அந்தப் பாதியில் விரிசலே இல்லையோ? இவ்வளவு நன்றாகப் பேசுகிறதே. திரும்பிப் போய்விட்டால் ஒருவருக்கும் கஷ்டமில்லை. அந்த ஆசைதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"ஒரே ஒரு சோதனை பண்றேன். ஒண்ணும் இல்லன்னா போயிடறேன்."

ஆட்டோக்காரர் இன்னும் போகவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மூடி டீசல் கேட்டேன். ரயிலில் டீசல் கொண்டுபோகாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ரோட்டில் டீசல் பிச்சை கேட்டேன். கத்தியைத் துடைத்து, பிடிக்கு மேலே டீசலைத் தடவி ஊறவிட்டேன். விரிசல் இருந்தால் டீசல் உள்ளே போய் உட்காரும். பிறகு மேலே சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி பூசினால், உள்ளே இருப்பது கசிந்து வெளியே வந்து பொடியை நனைக்கும். வேகன் பாகங்களுக்குச் சுண்ணாம்புக் கட்டி வைத்துச் செய்வோம்.

"வெள்ளையா ஏதாச்சும் பொடி வேணும், மல்லிகா."

முகத்தைச் சுளித்துக்கொண்டே பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். ஆட்டோக்காரர் சிரித்தார். "கத்திக்கி மேக்கப்பா சார்?"

பூசிவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "பாத்தியா" என்றாள் மல்லிகா. ஆட்டோக்காரர் சாவியைத் திருகப் போனார். அப்போது பிடிக்குச் சற்று மேலே, முதுகிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு ஈரமாக எழுந்தது. தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க நீண்டு, அலகின் பாதிக்கு வந்து நின்றது.

மல்லிகா அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்க விரலைக் கொண்டுபோனாள், தொடவில்லை.

"எத்தினி காய் தாங்கும் இது?"

"தெரியல. இன்னும் ஆயிரம் தாங்கலாம். அடுத்ததுலயே போகலாம்."

இடது கையை முந்தானையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியைப் பிடிப்பக்கமாக என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கினு போ. ஜூஸ் கடைல ஒரு கத்தி கேட்டு ஓட்டிக்கறேன்."

வீட்டுக்கு வந்து அதை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் மாட்டி ஒரு தட்டு தட்டினேன். பிஸ்கட்டாக உடைந்தது. உள்ளே அதே கறுப்பு. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வசந்தா காபி கொண்டுவந்து வைத்தாள்.

6. கண்

அடுத்த கத்திக்குப் பழைய பட்டையே வேண்டாம் என்று வண்டியில் ஏறாத புதுப் பட்டை வாங்கினேன். ஓட்டைப் பக்கம் போகவேயில்லை. பிடி போடும் முன்பே டீசலும் பவுடரும் பூசிப் பார்த்தேன். மறுநாளும் பூசிப் பார்த்தேன். வைஸில் மாட்டி வளைத்தேன். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. இருந்தும் தூக்கம் வரவில்லை. சோதனை எல்லாம் இரும்புக்குத்தான். என் மனசுக்கு எந்தச் சோதனையும் போதவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லிகா வாங்கி எடை பார்த்தாள், மணிக்கட்டைச் சுழற்றினாள், பிடித்திருந்தது. நான் தட்டிக் காட்டவில்லை.

குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து என்னிடம் நீட்டினாள். குடிக்கத்தான் என்று நினைத்து, "இன்னும் சீவலியே" என்றேன்.

"புடி. கைல வச்சிப் புடிண்ணா. நான் புடிக்கிறாப்ல."

புரிந்தது. இடது உள்ளங்கையில் காயை வைத்துக் கையை நீட்டினேன். காய் குளிர்ந்திருந்தது. அவள் கத்தியை ஓங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தி இறங்கவில்லை.

"கண்ணத் தொற. நான் தெனம் தொறந்துக்கினுதான் வெட்றேன்."

திறந்தேன். நான் அடித்த கத்தி என் கைக்கு மேலே நின்றது. முதுகு தெரிந்தது, கழுத்து தெரிந்தது, நான் தீட்டிய வாய் தெரிந்தது. அந்த இரும்பில் நான் செய்த ஒவ்வொரு வேலையும் நினைவுக்கு வந்தது. சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் பயமாக இருந்தது. கண்ணை மட்டும் மூடவில்லை.

இறங்கியது. மட்டைச் சீவல் பறந்தது. இன்னும் இரண்டு வெட்டு. இளநீர் என் மணிக்கட்டில் வழிந்தது.

"இப்ப குடி" என்றாள்.

புதிதாகக் கத்தி அடிக்கிறவர்கள் சோதனை பற்றி என்னிடம் கேட்கிறார்கள். காந்தம், டீசல், பவுடர், வைஸ் எல்லாம் சொல்லித் தருகிறேன். காதை நம்பாதே என்றும் சொல்கிறேன். ஆனால் என் பட்டறையிலிருந்து ஒரு வெட்டுக்கத்தி போவதற்கு முன்னால், கடைசியாக வசந்தாவைக் கூப்பிடுவேன். அவள் திட்டிக்கொண்டேதான் வருவாள். கத்தி அவள் கையில், காய் என் கையில். நான் கண்ணை மூடிவிட்டால் அந்தக் கத்தி வீட்டைத் தாண்டாது.