ஆங்கருக்கு இன்னும் நாலு சொல்

ஆங்கர் என்ற ஆங்கிலச் சொல்லை என் கணவருக்கு நான்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். கப்பலை நிறுத்துகிற நங்கூரம். அவர் பிறந்தது நாகரசம்பட்டியில், நான் கல்லாவியில். இருவரும் கடலைக் கண்டதில்லை. கிருஷ்ணகிரி அணையைவிடப் பெரிய தண்ணீர் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சூளகிரியில் ஒரு தொழிற்சாலைக் கூரைமேல் ஏறிக் குப்பை அள்ளுவதற்கு அவருக்கு நங்கூரம் தேவைப்பட்டது.

அது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். காலையில் வேலை தொடங்குமுன் ஒப்பந்தத் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்து, பாதுகாப்பு அதிகாரி ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார். மறுநாள் அவர் யாரைக் கூப்பிடுகிறாரோ, அந்த ஆள் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும். அதே பொருளில் இன்னும் நாலு சொல்லும் சொல்ல வேண்டும். விழித்தால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பத் திரும்ப விழித்தால் ஆளையே மாற்றிவிடுவார்கள். தெலுங்குக்காரர், கன்னடக்காரர், மதுரைப் பக்கமிருந்து வந்தவர் எல்லோரும் காலை பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ மலைக்கு மாலை போட்ட கூட்டம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். படித்த படிப்பு கடைசியில் இந்தக் கூத்துக்குத்தான் உதவியது. அடுப்படியில் நின்றபடியே பாடம் எடுத்தேன்.

"ஆங்கர்னா என்னா? சொல்லுங்க."

"நங்கூரம். நகராம புடிச்சி நிறுத்தறது. ஏம்மே, டிவியில பேசற பொண்ணையும் ஆங்கர்ங்கறாங்களே?"

"அதுவும்தான். நிகழ்ச்சியைப் புடிச்சி நிறுத்தறவ."

"அப்ப நீயும் ஆங்கர்தான். என்னைய எங்கயும் போவவுடாம புடிச்சி வெச்சிருக்கறியே."

"வாயை மூடிட்டு அடுத்ததைச் சொல்லுங்க."

மூரிங், ஃபாஸ்டன், செக்யூர் மூன்றும் வந்துவிட்டன. மெயின்ஸ்டே மட்டும் அவர் நாக்கில் ஒட்ட மறுத்தது. கரண்டியைக் காட்டி மிரட்டினேன். அதுவும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிட்டார். அதிகாரி எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். உயரத்தில் வேலை செய்கிறவன் தன் பெல்ட்டின் கொக்கியை மாட்டுகிற கெட்டியான இடத்துக்கும் ஆங்கர் என்றுதான் பெயர், அதை மறக்கவே கூடாது என்று விளக்கமும் கொடுத்தாராம். அன்று சாயங்காலம் பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி வந்து உட்கார்ந்தார் இவர்.

"சரி, உங்க கூரையில அந்த ஆங்கர் எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அங்க ஏது? வெறும் தகரந்தான்."

"அப்ப கொக்கியை எதுல மாட்டுவீங்க?"

சிரித்துக்கொண்டே இடுப்பைக் காட்டினார். கயிற்றை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, தன் கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டிக்கொள்வார்களாம். எல்லோரும் அப்படித்தானாம். கீழிருந்து சூபர்வைசர் போட்டோ எடுக்கும்போது கொக்கி தொங்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு மனுஷன் தன்னைத் தன்னிடமே கட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கிறானாம்! தலையில் அடித்துக்கொண்டேன். இனிமேல் அங்கே போகக் கூடாது என்று கத்தினேன்.

"நான் போவலைன்னா இன்னொருத்தன் போவான். வாடகையை நீ குடுப்பியா?" என்றார். மறுநாள் சோறு கட்டிக் கொடுத்தேன். அவரும் போனார்.

மழைக்கு முன்னால் கூரை ஓரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்கிற வேலை. கீழே வெளிச்சம் விழுவதற்காகத் தகரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் சீட் போட்டிருப்பார்கள். வெயிலில் காய்ந்து, புழுதி படிந்தால் எது தகரம், எது பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரியாது. கீழிருந்து "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார் சூபர்வைசர். இவர் பிளாஸ்டிக்கில் கால் வைத்துவிட்டார். சிமெண்ட் தரையில் விழுந்து கிடந்தபோதும் கொக்கி அவர் பெல்ட்டில் கெட்டியாகவே மாட்டியிருந்தது என்று கூட வேலை செய்தவர் சொன்னார். முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றுமில்லை என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மிகவும் வருத்தப்பட்டார்.

"அவருக்கு எல்லாம் தெரியும் மேடம். எவ்ளோ சூப்பரா ஆன்சர் பண்ணினார். நாலு சினானிம் சொன்னார். எல்லாம் தெரிஞ்சும் மாட்டலை. என்ன பண்றது சொல்லுங்க?"

"மாட்டறதுக்குக் கூரை மேல என்னத்த சார் வெச்சிருந்தீங்க?"

அவர் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ப்ரொபோசல் போயிருக்கு மேடம்" என்றார். அந்த ஆப்பிளை எடுத்து அவர் மூஞ்சியிலேயே எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். என் கணவருக்கு ஆப்பிள் பிடிக்கும்.

சில மாதம் கழித்து அந்த அதிகாரியே ஆள் அனுப்பினார். நான் ஆங்கிலம் படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் வந்து தொழிலாளர்களுக்கு ஆங்கிலச் சொல்லும் அதன் அர்த்தமும் சொல்லிக்கொடுத்தால் மாதச் சம்பளம் தருவார்களாம். மனிதாபிமானத்தில் செய்கிறார்களாம். வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துக் கண்டபடி திட்டினேன். உள்ளே என் கணவர் படுக்கையில் கிடந்தார். மூத்திரப் பை நிரம்பிவிட்டது என்று மெல்லக் கூப்பிட்டார். போய் மாற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். என்றைக்கு வர வேண்டும் என்று அந்த ஆளிடமே கேட்டேன்.

முதல் நாள் எனக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லார் இடுப்பிலும் புது பெல்ட். அன்றைக்கு மேலே ஏறப் போகிறவர்கள். அதிகாரி இன்னும் வரவில்லை. சொல்லும் வேண்டாம், அர்த்தமும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "மேல ஏறிப் பாருங்க. கொக்கி மாட்ட எடம் இல்லைன்னா எறங்கிடுங்க. யாரு கத்தினாலும் எறங்கிடுங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முன்வரிசையில் என் அப்பா வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"ஏம்மா, இங்கதானே உன் வூட்டுக்காரரு வுழுந்தாரு? அப்புறமும் நீ எதுக்கும்மா இங்க வேலைக்கு வந்த?"

"வாடகையை யாருங்க குடுப்பா?" என்றேன். அவர், தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்பதுபோல, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.