பதினைந்தாவது பெல்

வாடகை சைக்கிள் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஓட்டத் தெரியுங்களா?" வருகிற பதிலை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். ஏற்காடு ஏரிக்கரை ஓரத்தில் இருபது வருஷமாகச் சைக்கிள் வாடகைக்கு விட்டவன் சொல்கிறேன். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன வாத்தியார்கள், கல்யாண வேனில் ஆள் ஏற்றிவிட்ட மாமன் மச்சான்கள், கூட்டத்தை மேய்த்துப் பழகிய யாராக இருந்தாலும் நீங்கள் என் கட்சி. என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஊருக்கு வருகிறவர்கள் காரில் வந்து, காரிலேயே சுற்றி, காரிலேயே இறங்கத் தொடங்கிய காலம் அது. கடையை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தோன்றியதுதான் பௌர்ணமிச் சவாரி. மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஏரிக்கரையில் கிளம்பி, கடைவீதி வழியாக லேடீஸ் சீட் என்கிற மலைமுனைக்குப் போய், அங்கிருந்து கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். லாட்ஜில் தங்கியவர்கள், கடைவீதிக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்வார்கள். கடைசி வண்டியாக மஞ்சக்குட்டை வெள்ளையண்ணன் வருவார். பலாவும் கொய்யாவும் விற்க வருகிற விவசாயி. அன்றைக்கு மட்டும் என் கடையிலேயே படுத்துக்கொண்டு விடியக்காலையில் ஊர் போவார். மாதத்தின் மற்ற நாட்களையெல்லாம் நான் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓட்டினேன் என்றால் மிகையில்லை.

அனுமதி கேட்டுப் போனபோது ஸ்டேஷன் எஸ்.ஐ. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போறப்ப எத்தனை பேருன்னு வந்து எழுதோணும், வர்றப்ப எத்தனை பேருன்னு எழுதோணும். ஒண்ணு கொறஞ்சாலும் சரி, ஒண்ணு கூடுனாலும் சரி, அன்னைக்கோட இதை நிறுத்திப்போடோணும் பாய்." சரி என்று வந்துவிட்டேன். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. மலைக்குளிருக்கு எல்லோரும் மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக வருவார்கள். மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். அதிலும் பாதிப் பேர் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வரிசையாக நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு தடவை பெல் அடிக்க வேண்டும். நான் பெல்லை எண்ணுவேன்.

சவாரி முடிந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் மனைவி சபுரா ஒரே விஷயத்தைக் கேட்பாள். சேலத்தில் கோட்டைப் பகுதியில் பிறந்தவள். "லேடீஸ் சீட்டுல நின்னா எங்கம்மா ஊட்டுப் பக்கம் தெரியுமுங்களா? நானும் ஒருநாள் வரட்டுங்களா?" "அது என்ன பஸ்ஸா, ஏறி உக்காந்தாப் போறதுக்கு?" என்று சொல்லிவிட்டு நான் ரசத்துக்குத் தட்டை நீட்டுவேன்.

தெரியும் என்றவர்

முதல் மாதமே ஒருவர் வந்து சேர்ந்தார். நாமக்கல்லில் கல்லூரி ஆசிரியராம். நல்ல உயரம், நல்ல தொப்பை. "ஓட்டத் தெரியுங்களா?" என்று கேட்டேன். கேட்டதே அவமானம் என்பதுபோல் பார்த்தார். "பள்ளிக்கூட நாள்லயிருந்து ஓட்டறனுங்க" என்றார். நல்ல வண்டியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

கடைவீதி தாண்டும்வரை மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். கூட்டம் அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கூட்டம் தீர்ந்தும் தள்ளினார். ஏற்றம் தீர்ந்து சமதளம் வந்தும் தள்ளினார். பொறுக்க முடியாமல் நானே போய்ப் பிடித்துக்கொண்டு ஏற்றி உட்காரவைத்தேன். அவ்வளவுதான், வண்டி பறந்தது! லேடீஸ் சீட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் இறங்காமல் அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய் மறித்துப் பிடித்து இறக்கிவிட்டு, "ஏனுங்க சார், தெரியும்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஓட்டத் தெரியுமான்னுதானுங்க கேட்டீங்க. ஏற எறங்கத் தெரியுமான்னு கேட்டீங்களா?"

எட்டு மணி விளக்கு

லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரியில் சேலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோலப்பொடி டப்பாவைக் கைதவறிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பார்க்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தேடுவார்கள். ஊர்க்காரன் மட்டுமில்லை, ஈரோட்டுக்காரன்கூட ஒரு நிமிஷம் தேடுவான். இது என்ன ஆசை என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். சரியாக எட்டு மணிக்கு மொட்டைமாடி விளக்கை மூன்று தடவை அணைத்துப் போடச் சொல்லி வீட்டில் மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தார். எட்டடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது செல்போனில் கூப்பிட்டு, "மாமி, ரெடியா இருங்க" என்றார். நாங்கள் அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தோம். "இப்ப அணைங்க!" என்று அவர் சொன்னதும், கீழே சேலத்தில் பாதி ஊர் பொசுக்கென்று இருண்டுபோனது.

எட்டு மணி மின்வெட்டு. அந்த வருஷங்களில் கரண்ட் போகிற நேரம் யாருக்குத்தான் தெரியும்? எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனிதர் செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு, உண்மையாகவே பயந்துபோன குரலில் சொன்னார்.

"நான் ஒரு பல்பைத்தானுங்க அணைக்கச் சொன்னேன்!"

ரோட்டில் நின்றவர்

எஸ்டேட் ரோட்டு வளைவில் ஒருநாள் காட்டெருமை ஒன்று குறுக்கே நின்றது. நிலா வெளிச்சத்தில் அதன் கால்கள் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி தெரிந்தன. அதற்குமேல் ஒரு பாறை. எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கினோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் பையன் ஒருவன் பெல் அடித்தால் ஒதுங்கும் என்று நினைத்து அடித்தான். அது ஒதுங்கவில்லை. காதை விரித்து இரண்டடி முன்னால் வந்தது. பையன் திரும்ப அடித்தான். இன்னும் இரண்டடி வந்தது.

வெள்ளையண்ணன் பின்னாலிருந்து மெல்ல வந்து அவன் கையைப் பெல்லிலிருந்து எடுத்துவிட்டார். கால் மணி நேரம் நாங்கள் அதைப் பார்க்க, அது எங்களைப் பார்க்க, யாருக்கு யார் வேடிக்கை என்றே தெரியவில்லை. அப்புறம் அதுவே காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. "ஏன் தாத்தா, பெல் அடிச்சா கிட்ட வருது?" என்று பையன் கேட்டான்.

"ஊட்டு வாசல்ல வந்து பெல்லடிச்சா, யாரு, என்ன வேணும்னு வந்து பாக்காதா சாமி?"

ஒன்று குறைந்த ராத்திரி

போகும்போது பதின்மூன்று. திரும்பி வந்து எண்ணினால் பன்னிரண்டு. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். பன்னிரண்டுதான். காட்டெருமை, பள்ளம், எஸ்.ஐ.யின் நோட்டு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. எல்லோரையும் திருப்பி எஸ்டேட் ரோட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்து, சாக்கடை சாக்கடையாகப் பார்த்து, அரை மணி நேரம் தேடினோம். எல்லோரையும்விட மும்முரமாகத் தேடியவர் தர்மபுரியிலிருந்து வந்திருந்த புது மாப்பிள்ளை ஒருவர். ஒரு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் வண்டி. அதன் பெல்லுக்கு மேல்மூடி இல்லை. வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. மனிதர் சத்தமில்லாத பெல்லை இரண்டு தடவையும் ஒழுங்காக அடித்திருக்கிறார். நாங்கள் தேடியது அவரைத்தான், அவரையும் சேர்த்துக்கொண்டு. "பெல் கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

"நீங்கதானுங்களே வாயைத் தொறக்கக் கூடாதுன்னீங்க?"

ஒன்று கூடிய ராத்திரி

அன்றோடு ஒன்பதாம் நம்பரை வாடகைக்கு விடுவதை நிறுத்தினேன். சேலம் போகும்போது பெல் மூடி வாங்க வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் சாத்திவைத்தேன். ஒவ்வொரு தடவையும் மறந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, போகும்போது பதினான்கு. திரும்பி வந்து எண்ணினால் பதினைந்து. குறைந்தால் தேடலாம். கூடினால் என்ன செய்வது, சொல்லுங்கள்? மறுபடி அடிக்கச் சொன்னேன். பதினைந்து. கடைசி பெல் மட்டும் 'கிணிங்' என்று இல்லாமல் 'டொங்' என்று கேட்டது. ஏரியிலிருந்து பனி ஏறிவந்து வரிசையின் கடைசியை மூடியிருந்தது. நான் டார்ச்சோடு போவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஸ்டேஷன் நோட்டில் பதினான்கு என்றே எழுதினேன். அந்தப் பொய்யோடு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சவாரியில் முகம் தெரியாமல் வந்து போகிறது யார்? எதற்கு? வெள்ளையண்ணன் மட்டும் கவலையே இல்லாமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கொறஞ்சாத் தேடோணும் பாய். கூடுனாப் பேசாம சோறு போடோணும்."

ஊறுகாய்க் கிண்ணம்

அடுத்த பௌர்ணமிக்கும் பதினான்கு பேர்தான் கிளம்பினோம். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நான் இரண்டு தடவை வேலியில் மோதினேன். ஏரிக்கரைக்குத் திரும்பினால் எஸ்.ஐ. தன் நோட்டோடு நின்றுகொண்டிருக்கிறார். "இன்னைக்கு என் முன்னாலயே எண்ணுங்க பாய்" என்றார். கிணிங், கிணிங் என்று பதினான்கு முடிந்தது. முடிந்ததே என்று மூச்சு விட்டேன். அப்போது 'டொங்'.

எஸ்.ஐ. டார்ச்சைத் திருப்பினார். நானும் ஓடினேன். நின்றது ஒன்பதாம் நம்பர் வண்டி. அதன் பெல்லில், நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு மாட்டியிருந்தது எங்கள் வீட்டு எவர்சில்வர் ஊறுகாய்க் கிண்ணம். மூன்று மாதமாகக் காணவில்லை, பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று எனக்குச் சொல்லப்பட்ட கிண்ணம்! வண்டியைப் பிடித்திருந்தவள் மங்கி குல்லாவைக் கழற்றினாள். சபுரா. கடைவீதி முனையில் காத்திருந்து கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வெள்ளையண்ணன் அந்தப் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவாரி அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். போன மாதப் பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "எங்க ஊட்டுக்காரிங்க சார்" என்றேன். எஸ்.ஐ. அவளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நோட்டில் பதினான்கை அடித்துப் பதினைந்து என்று எழுதினார்.

"தப்பு வந்தவங்க மேல இல்லீங்க பாய். எண்ணுனவர் மேல. அடுத்த மாசம் போறப்பவே சேர்த்து எழுதுங்க."

இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். எப்போது ஓட்டக் கற்றாய் என்று கேட்டேன். கோட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் சைக்கிளில்தான் போனாளாம். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் கேட்கவில்லையாம். அம்மா வீட்டுப் பக்கத்தையும் லேடீஸ் சீட்டிலிருந்து கண்டுபிடித்துவிட்டாளாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. "பேசாம நழுவியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. கிண்ணத்தை வேற மாட்டி எதுக்குப் பெல் அடிச்சே?"

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் எண்றீங்களே, என்னையும் ஒருவாட்டி எண்ணட்டுமுன்னுதானுங்க."

இருபது வருஷத்தில் வந்தவர் போனவர் எல்லோரிடமும் "ஓட்டத் தெரியுங்களா?" என்று கேட்டவன் நான், அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வைத்திருந்த ஒரே ஆள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.